சிரிக்கிறார் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்

என் அண்ணன் நன்றாகச் சிரிப்பார். பக்கத்தில் இருப்பவரையும் சிரிக்க வைப்பார். கழுத்துக்குக் கீழே உடம்பு அவர் பேச்சைக் கேட்காமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. வாய் மட்டும் ஓயவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து அதிசயப்படுகிறார்கள். "இந்த நிலைமையிலயும் எவ்வளவு ஜாலியா இருக்கார் பாருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மனசு நிறைந்து கிளம்பிப் போகிறார்கள். எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் சிரிப்பைப் பாராட்டியதோடு தங்கள் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நாங்கள் ஆனேக்கல்காரர்கள். பெங்களூருக்கும் ஓசூருக்கும் பக்கம், கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர். சர்ஜாபுரம் பக்கம் அடுக்குமாடிகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் அண்ணன் அங்கே எலெக்ட்ரீஷியன். ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்தார். கழுத்துப் பகுதியில் முதுகெலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. 'சி5' என்று எழுதிக் கொடுத்தார்கள். தோளை உயர்த்துவார், முழங்கையை மடக்குவார். விரலால் எதையும் பிடிக்க முடியாது. மார்புக்குக் கீழே தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

ஆனால் அந்தக் கால்கள் சும்மா கிடப்பதில்லை. திடீரென்று உதறும், விறைக்கும். ஸ்பாசம் என்பார்கள். தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெரியவர் பார்க்க வந்திருந்தார். கட்டிலருகே வந்து நின்றதுதான் தாமதம், அண்ணனின் வலது கால் விருட்டென்று கிளம்பிப் போர்வையைத் தள்ளியது. அவர் மிரண்டு பின்னால் போய்விட்டார். "பயப்படாதீங்க மாமா. பெரியவங்க வந்தா எழுந்து நிக்கணும்னு காலுக்காவது தெரியுதே" என்றார் அண்ணன். மாமா சிரிப்பதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கலாம் மாமா. சிரிக்கத்தான் சொன்னார்.

அண்ணன் இதையெல்லாம் ஊரை மகிழ்விக்கச் சொல்வதில்லை. அந்த அறைக்குள் என்னென்ன நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நாற்பதைத் தாண்டிய ஓர் ஆம்பிளையை அம்மாவும் தங்கையான நானும் புரட்டித் துடைக்கிறோம். மூத்திரப் பையைக் காலி செய்கிறோம். மலத்தை எடுக்கிறோம். மூன்று பேருக்கும் கூச்சமாக இருக்கும். "மெதுவா, மெதுவா, உள்ளே கண்ணாடிச் சாமான்" என்பார். அம்மா சிரித்துவிடுவாள். வேலை முடிந்துவிடும். அந்த அறைக்குள் அவமானம் நுழையாமல் காவல் காப்பது அவருடைய பேச்சுதான். அது அவர் உழைத்துச் சம்பாதித்தது. வருகிறவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போக வைத்திருக்கும் பிரசாதம் இல்லை.

இந்தச் சிரிப்பை அடுத்தவர்கள் எப்படி உபயோகப்படுத்திக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஓர் அரசு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. எந்த ஊர், எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். சம்பந்தப்பட்ட பிரிவு மாடியில். லிஃப்ட் கிடையாது. இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொரு படிக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேலே போனதும் கைரேகை வைக்கச் சொன்னார்கள். அண்ணனுக்கு விரல்கள் மடங்கி இறுகிப் போயிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்து நான் மிஷினில் அழுத்தினேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு அழுத்தினேன். மறுபடியும் சிவப்பு. அண்ணன் கன்னடத்தில் சொன்னார்: "மேடம், நான் கேட்டே அந்த விரல் நீள மாட்டேங்குது. உங்க மிஷின் கேட்டா மட்டும் நீண்டுடுமா?" அறை முழுக்கச் சிரிப்பு. ஒருத்தர் டீ வாங்கி வரச் சொன்னார். இன்னொருத்தர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். 'உங்களைப் பாத்து நாங்க கத்துக்கணும் சார்' என்றார்கள். கடைசியில், 'அடுத்த வாரம் வாங்க, பாக்கலாம்'.

கைரேகை விழாதவர்களுக்குக் கருவிழியையோ முகத்தையோ வைத்துச் சரிபார்க்க ஆதாரில் வழி இருக்கிறது. மாடி ஏற முடியாதவருக்காக ஓர் ஊழியர் கீழே இறங்கி வரலாம். இரண்டில் எதையும் யாரும் செய்யவில்லை. அண்ணன் உம்மென்று உட்கார்ந்திருந்தால், ஒரு குரல் உயர்த்தியிருந்தால், அவர்களுக்கு உறுத்தியிருக்கும். அவர் சிரிக்க வைத்ததால் உறுத்தல் போய்விட்டது. அவரைத் திருப்பி அனுப்பிய அன்றைக்கும் எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்று ஒரு பெண் இருந்தார். எலும்பு எளிதில் நொறுங்கும் நோயோடு பிறந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேடையில் நகைச்சுவை செய்தவர், பத்திரிகையாளர். 2014இல் சிட்னி மேடையில் அவர் பேசிய பேச்சு உலகம் முழுக்கப் போனது. ஊனமுற்றவர்களைப் பார்த்து மற்றவர்கள் உத்வேகம் பெறும் பழக்கத்தைத்தான் அவர் அன்றைக்குப் பிடித்து உலுக்கினார். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது சரிவுப் பாதையாக மாறியதே இல்லை என்றார். அதே ஆண்டு டிசம்பரில், 32 வயதில் இறந்துபோனார். அந்தப் படிக்கட்டு வாக்கியம், நாங்கள் ஏறிய ஆபீஸ் மாடிப்படியைப் பார்த்துச் சொன்னது போலவே இருக்கிறது எனக்கு.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது; 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. பொதுக் கட்டடங்கள் எல்லாருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2024 நவம்பர் 8ஆம் தேதி, ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் அழுத்திச் சொன்னது: அணுகல் வசதி என்பது விரும்பினால் செய்யும் வழிகாட்டுதலாக இருக்கக் கூடாது, கட்டாய விதியாக வேண்டும். சரிவுப் பாதைக்குக் கணக்கும் இருக்கிறது: ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம். இங்கே கடை வாசலில் ஸ்கூட்டர் ஏற்றுவதற்காகப் போட்ட செங்குத்துச் சறுக்கலைக் காட்டி 'ராம்ப் இருக்கே' என்கிறார்கள். அதில் நாற்காலியை ஏற்றினால் அண்ணன் பின்பக்கமாகக் கவிழ்வார்.

சினிமா பார்த்தவர்கள் 'தோழா'வைச் சொல்வார்கள். 2016இல் நாகார்ஜுனாவும் கார்த்தியும் நடித்து, தெலுங்கில் 'ஊபிரி' என்றும் வந்த படம். எங்கள் தெருவில் இரண்டு மொழியிலும் பார்த்தவர்கள் உண்டு. "உங்க அண்ணன் அந்த நாகார்ஜுனா மாதிரியே" என்று சொல்லாத ஆளில்லை. அதன் மூலம் 2011இல் வந்த பிரெஞ்சுப் படம். அதற்கும் மூலம் பிலிப் போசோ தி போர்கோ என்ற நிஜ மனிதர். 1993இல் பாராகிளைடிங் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தன் கதையைப் படமாக்கினால் அது சிரிக்க வைக்கும் படமாக இருக்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். அந்த மனதை நான் மதிக்கிறேன். ஆனால் படம் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். அவர் பெரும் பணக்காரர். பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் இருந்தது.  அதனால் சிரிக்கத் தெம்பு இருந்தது.

சிரிப்புக்கும் கைமுதல் வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கு இது. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். வந்தால் மாசக்கணக்கில் ஆறாது. ஏர் பெட் கரண்டில் ஓடுவது. கரண்டு போனால் காற்று இறங்கும். வெயில் காலத்தில் மார்புக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூடேறிக்கொண்டே போகும். ஈரத்துணி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விடப் பயமானது ஒன்று இருக்கிறது. மூத்திரக் குழாய் மடங்கினாலோ அடைத்தாலோ அவருக்கு வலி தெரியாது. ஆனால் உடம்புக்குத் தெரியும். ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். முகம் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே தலையை உயர்த்தி நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், குழாய் எங்கே மடங்கியிருக்கிறது என்று பார்த்து நேராக்க வேண்டும், இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவர் வீட்டில் இருந்தால் இதை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நடு ராத்திரி இப்படி ஆகி, பையின் குழாய் கட்டில் சட்டத்துக்கு அடியில் மாட்டியிருந்ததைக் கண்டுபிடித்து எடுத்துவிட்ட பிறகு, வியர்வை வழியும் முகத்தோடு சொன்னார்: "மோட்டாரைப் போட்டுட்டு வால்வை மூடினா டேங்க் என்ன பண்ணும்?" நானும் அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தோம். அந்தச் சிரிப்பின் விலை எங்களுக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் அரசாங்கம் என்ன தருகிறது? வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும், 80 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவருக்கு மத்திய அரசின் ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். அதோடு மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. எவ்வளவு சேர்த்தாலும் புரட்டிப் போட ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்க அது போதாது. அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தர வேண்டும் என்று அதே 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. இங்கே பராமரிப்பாளர் என்றால் அம்மா, மனைவி, அக்கா, தங்கை. அவர்கள் இடுப்பு ஒடிவது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எங்கள் அம்மாவுக்கு இப்போது குனிந்தால் நிமிர முடியவில்லை.

நம் தமிழ் ஆட்களிலேயே ஒருவர் கதை இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது கடற்படை அதிகாரி தேர்வுக்காக 1975இல் இதே பெங்களூருக்கு வந்தார். உடற்தகுதிச் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சஹல் பெயரில் 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர் சங்கரராமன் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஜனங்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது 'என்ன மன உறுதி!' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மனிதர் கட்டியது என்ன என்று பாருங்கள்: பள்ளிக்கூடம், பிசியோதெரபி, தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வு, கிராமங்களுக்கே போய்ப் பார்க்கும் ஆட்கள். மன உறுதி மட்டும் போதும் என்று அவர் நினைத்திருந்தால் இத்தனையும் கட்டியிருக்க மாட்டார்.

இன்னொரு பக்கத் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தன்னைப் பற்றித் தானே ஜோக் சொல்லிக்கொள்கிறார் என்பதால், மற்றவர்களும் அவரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர் ஒருவர் பந்தி நடுவே உரக்கச் சொன்னார்: "உனக்கென்னப்பா, ராஜா மாதிரி உக்காந்த எடத்துக்கே சாப்பாடு வருது." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் முகத்தில் சிரிப்பு இல்லை. 'அவரே ஜோக்கடிப்பாரே, இதுக்குப் போய்...' என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்கள்.

இந்த வித்தியாசத்தை நாட்டின் உச்ச நீதிமன்றமே விளக்கியிருக்கிறது. 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படத்தில் ஊனமுற்றவர்களைக் கேலி செய்திருக்கிறார்கள் என்று, தானும் ஊனத்தோடு வாழும் நிபுண் மல்ஹோத்ரா வழக்குப் போட்டார். 2024 ஜூலை 8ஆம் தேதி, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு தீர்ப்பளித்தது. ஊனத்தைப் புரிந்துகொள்ள உதவுகிற நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரைச் சிறுமைப்படுத்துகிற நகைச்சுவை வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார்கள். 2025 ஆகஸ்டில், தண்டுவடத் தசைநலிவு (எஸ்.எம்.ஏ.) நோயுள்ளவர்களைக் கேலி செய்ததாக வந்த புகாரில், பகிரங்கமாக மன்னிப்புக் கேட்குமாறு நகைச்சுவைக் கலைஞர்கள் சிலருக்கு அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. பெங்களூரிலேயே சந்தீப் ராவ் இருக்கிறார். பார்வை பெருமளவு போனவர், அதையே வைத்து மேடையில் சிரிக்க வைக்கிறார். அந்த மேடையில் மைக் அவர் கையில் இருக்கிறது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவர் தீர்மானிக்கிறார். கல்யாணப் பந்தியில் என் அண்ணனுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது யார்?

அதே போல, சிரிக்காமல் இருக்கவும் அவருக்கு உரிமை வேண்டும். மூத்திரத் தொற்று வந்து காய்ச்சலடிக்கும் நாட்களில் அவர் யாரிடமும் பேச மாட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அன்றைக்குப் பார்த்து வருகிற ஆள், "என்ன இன்னிக்கு டல்லா இருக்கீங்க? உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசினா மனசு லேசாகும்னு வந்தேன்" என்று குறைப்பட்டுக்கொண்டு போகிறார். இது எந்த ஊர் நியாயம்? நல்ல உடம்போடு இருப்பவருக்குத் தலைவலி வந்தால் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழலாம். என் அண்ணன் மட்டும் வருஷம் முழுக்க எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டே கிடக்க வேண்டுமா? சிரித்தால் 'மகான்', சிரிக்காவிட்டால் 'ஐயோ பாவம்'. கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலுமாக மாறி மாறி இதே இரண்டைத்தான் கேட்கிறோம். நடுவில் ஒரு சாதாரண மனுஷனாக இருக்க அவரை யாரும் விடுவதில்லை.

அவர் கேட்பதெல்லாம் என்ன? வெளியே போக வேண்டும். அவ்வளவுதான். 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் பாதை திறந்தபோது டிவியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரைக்கும், எங்கள் ஆனேக்கல் தாலுகாவுக்குள்ளேயே வந்துவிட்டது. பதினாறு ஸ்டேஷன். மின்தூக்கி இருக்கிறது, ரயிலில் சக்கர நாற்காலிக்கு இடம் இருக்கிறது. ஆனால் ஆனேக்கலிலிருந்து சந்தாபுரம் தாண்டி பொம்மசந்திராவுக்கு நாற்காலியோடு அவரை எதில் ஏற்றுவது? ஆட்டோவில் நாற்காலி ஏறாது. அவரைத் தூக்கி உட்கார வைத்தால் உடம்பு நிற்காமல் சரிகிறார். தனி வேன் வைத்துக்கொள்ள வசதியில்லை. "ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்கு, ஸ்டேஷனுக்குத்தான் லிஃப்ட் கிடைக்கல" என்றார். இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சொந்தமாகப் பெரிய வண்டி வைத்திருக்கிறார். ஒருநாள் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று அவர் வாயில் வரவில்லை.

அதனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் ஜோக் சொன்னால் தாராளமாகச் சிரியுங்கள். என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்காதீர்கள். காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று அவரிடமே கேளுங்கள், காது நன்றாகக் கேட்கிறது. சிரித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அம்மாவைத் தூங்க விடுங்கள். புரட்டிப் போடக் கற்றுக்கொள்ளுங்கள், பத்து நிமிஷத்தில் சொல்லித் தருகிறேன். வண்டி இருந்தால் மாசம் ஒருநாள் கொடுங்கள். வீடு கட்டினால், கடை கட்டினால், கோயில் மண்டபம் கட்டினால், மேஸ்திரியிடம் அந்தப் பன்னிரண்டு அடிக் கணக்கைச் சொல்லுங்கள். ஆபீசில் அதிகாரியாக இருந்தால் மாடியிலிருந்து இறங்கி வாருங்கள், கையெழுத்தை அன்றைக்கே போடுங்கள்.

இத்தனைக்கும் மனசில்லாதவர்கள் அவருடைய தைரியத்தைப் பற்றி எங்களிடம் பேச வேண்டாம். சிரிப்பை அவர் பார்த்துக்கொள்வார். மிச்சத்துக்குத்தான் ஆள் வேண்டும்.